தேதியை அடித்து மாற்றாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் துரை, அதாவது தோட்ட மேலாளர், ஓட்டிய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மூன்று கை மாறி, ஒரு தகரக் கொட்டகையிலிருந்து என்னிடம் வந்தது. ஐந்து வருஷமாக அதைத்தான் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதிப் போட்டால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். வாங்கினேன். என் கார் அபிங்டன் தொழிற்சாலையில் கட்டி முடிந்தது 1966 செப்டம்பர்.

அந்தத் தேதி கைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்து லூக்காஸ் கம்பெனி மின் சாமான்களில் ரக எண்ணோடு தேதியும் குத்தியிருக்கும். 23 66 என்றால் 1966இன் 23ஆவது வாரம். டிரிப்ளெக்ஸ் கம்பெனியின் கார்க் கண்ணாடியில் தேதி எண் இருக்காது. சின்னத்தில் உள்ள எழுத்துகளுக்கு மேலும் கீழும் கடுகு போலப் புள்ளிகள் இருக்கும். எந்த எழுத்தில் புள்ளி என்று பார்த்து ஆண்டின் கடைசி எண்ணையும் காலாண்டையும் எடுக்கலாம். சாமானின் தேதி கார் கட்டிய நாளுக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியிருக்க வேண்டும். ஒரு வாரம் பிந்தினாலும் அது அந்தக் காரோடு பிறந்ததில்லை.

ஆனால் தேதிக்கு முன்னால் ரக எண்ணைப் பாருங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரை, எம்ஜிபியைக் கட்டிய பிஎம்சி கம்பெனியின் வேறு பல கார்களிலும் போட்டிருந்தார்கள். வெளியே எல்லாம் ஒரே மாதிரி, உள்ளே தீப்பொறியை எவ்வளவு முன்கூட்டி விடுவது என்ற அட்வான்ஸ் கணக்கு வேறு. தேதி பொருந்துகிறதே என்று மாட்டினால் வண்டி இழுக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒருவரிடம், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் லூக்காஸ் சி40 டைனமோ ஒன்று வாங்கினேன். 24 66 என்று குத்தியிருந்தது. 450 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கு வந்து கறுப்புச் சாயத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். எண்ணைச் சுற்றி மட்டும் உப்புத்தாள் கோடுகள். ரக எண்ணின் ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருக்க, தேதி மட்டும் விரலில் குத்துகிற கூர்மை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கடைசி ஆறுக்குள்ளே பழைய எட்டின் மேல்வளைவு மங்கலாகத் தெரிகிறது! கேட்டதற்கு, "எல்லாரும் செய்யறதுதானே தம்பி, கார் அழகா இருக்கணும்ல" என்றார். பணம் திரும்பி வரவில்லை. அதைவிட அந்தப் பதில்தான் வலித்தது.

எங்கள் பாட்டி முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பேர் கொடுத்தால்தான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழும், அன்றைய கூலி உண்டு. ஒரு கிராணி, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, வேலைக்கே வராத ஆளின் பேரைச் செக்ரோலில் எழுதிக் காசு பார்த்தான். பாட்டி சாகும்வரை அவனை மன்னிக்கவில்லை. டைனமோவில் இருக்கும் எண்ணும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்த வாரம் பட்டறையில் நின்று அதைச் செய்தவர்களுக்கு அந்த நான்கு எண்களைத் தவிர வேறு பதிவு ஏது? அதைச் சுரண்டிவிட்டு வேறு எண் அடிப்பது கள்ளக் கணக்கு. கிரானில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், ஏறிய எஞ்சின் நம்பரில் கைவைத்தால் குற்றம் என்று நமக்கெல்லாம் தெரியும், ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் பயப்படுகிறோம். டைனமோவில் கைவைத்தால் மட்டும் கைவேலையா?

பொருந்தாத தேதியோடு ஒரு சாமான் இருந்தால் இருக்கட்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய காரில் ஏதாவது மாறாமல் இருக்குமா? எது மாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அப்புறம் டயர். அந்தக் காலத்து டயரையே தேடி மாட்டுகிறேன் என்று தயவு செய்து யாரும் கிளம்பாதீர்கள். ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர்ப் பால், வாசத்தில் வளர்ந்த ஊர் இது, ரப்பர் பழசானால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளம் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், காற்றும் வெயிலும் பட்டுப்பட்டு உள்ளே இறுகி வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2323 என்றால் 2023இன் 23ஆவது வாரம். அங்கே தேதி புதிதாக இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ், பிரேக் ரப்பர் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். காரில் நம் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

இப்போது என் காரில் ஓடுவது பழைய இரும்புக்கடையில் கிடைத்த டைனமோ. 41 64. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முந்தியது, தொழிற்சாலையில் மாட்டியதாக இருக்க வழியே இல்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். நன்றாகச் சார்ஜ் ஆகிறது.

யாருடைய பழைய பட்டறையிலாவது, தோட்டத்து ஸ்டோரிலாவது 20 66இலிருந்து 34 66க்குள் தேதி குத்திய சி40 கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. துடைக்க வேண்டாம், சாயம் பூச வேண்டாம், கிடக்கிறபடியே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.