வேல்ஸ் இசையைச் சின்ன அறையில் கேளுங்கள்

வேல்ஸ் நாட்டுப்புற இசையை யூடியூபில் ரெண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "அயர்லாந்துக்காரங்க வாசிக்கிற மாதிரியேதானே இருக்கு" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஒரே ஒரு தடவை ஒரு சின்ன அறையில், வாசிப்பவர்களின் கால் உங்கள் காலில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள். பெரிய மேடை இந்த இசைக்கு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

இப்படி அடித்துச் சொல்லக் காரணம் 'கலன்' என்ற குழு. 2006-ல் தொடங்கியது. ஃபிடில், ஹார்ப், அக்கார்டியன், கிடார், கூடவே பிப்கார்ன் என்ற பழைய ஊதுகருவி. இவர்களை ஒரு திருவிழாக் கூடாரத்தில் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, கூட்டம் குதித்தது. பிறகு தென் வேல்ஸின் ஒரு பள்ளத்தாக்கு ஊரில், பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றம் ஒன்றின் மாடி அறையில் கேட்டேன். அதே குழுதான். ஆனால் முதல் தடவை நான் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த அறையிலும் ஓரத்தில் ரெண்டு சின்ன ஸ்பீக்கர்கள் இருந்தன. ஆனால் என் காதுக்கு வந்தது பெரும்பாலும் மரத்திலிருந்தும் கம்பியிலிருந்தும் நேராக வந்த ஒலிதான். ஃபிடிலின் வில் திசை மாறும்போது வரும் அந்தச் சின்ன உரசல், அக்கார்டியன் மூச்சு இழுக்கிற சத்தம், வேகமான மெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற அந்த அரை நொடி. ஹீட்டர் போட்ட அறை என்பதால் ஹார்ப்பின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஹார்ப் வாசிப்பவர் காதைக் கம்பிகளோடு ஒட்டவைத்துச் சாவியால் முறுக்கிக்கொண்டிருக்க, மற்றவர்கள் அந்த நேரத்தைப் பேச்சால் நிரப்பினார்கள். அந்தப் பேச்சும் கச்சேரியின் பகுதிதான். பெரிய மேடையில் இதெல்லாம் மறைத்துவிட வேண்டிய இடைவெளி.

பிப்கார்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்திலோ எலும்பிலோ செய்த குட்டிக் குழல், ரெண்டு முனையிலும் மாட்டுக் கொம்பு. ஒரு கொம்பு வாய்க்கு, இன்னொன்று சத்தம் வெளியே போவதற்கு. உள்ளே நாணலில் ஒற்றை நாக்கு வெட்டியிருக்கும். நம்மூர்ப் பாம்பாட்டியின் மகுடியில் இருப்பதும் அதே வகை நாக்குதான், அதனால் அந்தக் குரல் முதல் நொடியிலேயே எனக்குப் பழகிய குரலாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த மூன்று பிப்கார்ன்கள் கார்டிஃபுக்குப் பக்கத்தில் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் ஏதோ மேய்ப்பர்களின் விளையாட்டுச் சாமான் மாதிரி சாதுவாகத் தெரியும். நாலடி தூரத்தில் ஊதினால் கூரை ஓடு எகிறும் போலிருக்கிறது!

அப்புறம் ஆட்டம். அக்கார்டியன் வாசித்துப் பாடுகிற பெத்தன் ரியானன் மரக்கட்டைக் காலணி ஆட்டத்திலும் தேர்ந்தவர். அக்கார்டியனை இறக்கிவைத்துவிட்டு, தரையில் போட்டிருந்த பலகை மேல் ஏறினார். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி விழ, அந்தத் தாளம் பலகையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து என் நாற்காலிக் கால்களுக்கும் ஏறியது. வீடியோவில் இதைப் பார்ப்பவர்களுக்கு வேகமான கால் வித்தை மட்டும்தான் தெரியும். நேரில் அது ஒரு தாளவாத்தியம். குந்தியபடியே காலை நீட்டி ஆடுவது, துடைப்பத்தைத் தாண்டுவது, எரிகிற மெழுகுவர்த்தியைக் காலணியால் அணைப்பது எல்லாம் இந்த ஆட்டத்தின் பழைய வித்தைகள்.

இந்த ஆட்டம் அறுபடாமல் வந்ததே பெரிய விஷயம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து இசை உலகம் முழுக்கத் தெரிந்திருக்க, வேல்ஸ் இசை மட்டும் ஏன் இப்படிப் பின்தங்கியது என்று கேட்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் மறுமலர்ச்சி என்ற கிறிஸ்தவ மத எழுச்சி வேல்ஸைப் பிடித்துக்கொண்டது. ஃபிடிலும் ஆட்டமும் பாவம் என்றார்கள் பிரசங்கிகள். 1802-லேயே எட்வர்ட் ஜோன்ஸ் என்ற ஹார்ப் கலைஞர், ஒரு காலத்தில் உலகத்திலேயே உற்சாகமான நாடுகளில் ஒன்றாக இருந்த வேல்ஸ், பிரசங்கிகளின் கைவரிசையால் மந்தமாகிவிட்டது என்று மனம் நொந்து எழுதினார்.

எல்லாம் போய்விடாமல் காப்பாற்றியவர்களில் பாதிப்பேர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். ஏப்ரம் உட் வழிவந்த ரோமா நாடோடிக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஹார்ப்பும் ஃபிடிலும் வாசித்து வந்தது. கட்டைக் காலணி ஆட்டத்தை இருபதாம் நூற்றாண்டு வரை கொண்டுவந்து சேர்த்ததில் அந்தக் குடும்பத்து ஹவெல் உட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று வரிசைக் கம்பிகள் கொண்ட டிரிப்பிள் ஹார்ப்பை அழியவிடாமல் வாசித்த நான்சி ரிச்சர்ட்ஸ் (1888-1979) அந்த நாடோடிக் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். அவரிடம் கற்றுக்கொண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேர், 1976-ல் உருவான 'ஆர் லோக்' குழுவில் வாசித்தார்கள். அங்கிருந்து முப்பது வருஷத்தில் கலன். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் அன்றைக்கு அந்த மாடி அறையில் எனக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது.

'இதில் கிடார் எதற்கு, பழைய பாட்டுக்கு நடுவில் ராப் எதற்கு' என்று கலனைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் குறை ஒட்டவில்லை. வேல்ஸின் அடையாளம் என்று எல்லாரும் கொண்டாடும் அந்த டிரிப்பிள் ஹார்ப்பே இத்தாலியிலிருந்து வந்ததுதான். வந்த கருவியை இடது தோளில் சாய்த்துத் தங்கள் வழியில் வாசித்து, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதே உரிமை இன்றைய பிள்ளைகளுக்கும் உண்டு. தூய்மை பேசி ஒரு கலையைக் காப்பாற்றியதாக எனக்கு எந்த உதாரணமும் நினைவுக்கு வரவில்லை.

பிரசங்கிகள் ஆட்டத்தை விரட்டினார்கள், சரி. ஆனால் பதிலுக்கு அந்தத் தேவாலயங்கள் ஜனங்களுக்குக் குரல்களைப் பிரித்துப் பாடக் கற்றுக்கொடுத்தன. அதன் பலனை அன்று இரவு கேட்டேன். ஒரு பாட்டின் பல்லவி ரெண்டாவது முறை வந்தபோது, யாரும் கேட்காமலேயே பின்வரிசைப் பெரியவர்கள் கீழ்க்குரலைப் பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த பாட்டி அதற்கு மேல் ஒரு குரல் வைத்தார். இடைவேளையில் அவரிடம் பேசினேன். வேல்ஷ் மொழி தனக்குப் பேச வராது, பாட்டு மட்டும் தெரியும் என்றார். 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதுமாக வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம்தான். தென்கிழக்குப் பள்ளத்தாக்குகளில் அதைவிட மிகக் குறைவு. அப்படிப்பட்ட ஊரில் வந்து முழுக்க வேல்ஷில் பாடுகிறார்கள். இதைத்தான் நான் மதிக்கிறேன்.

சின்ன அறை, பெரிய கூட்டம் என்ற வித்தியாசத்துக்கு வேல்ஸின் தேசிய கீதத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1856-ல் பொன்டிபிரித்தில் ஜேம்ஸ் ஜேம்ஸ் என்ற ஹார்ப் கலைஞர் மெட்டுப் போட, அவருடைய அப்பா இவான் ஜேம்ஸ் வரிகள் எழுதினார். முதலில் அது ஆறெட்டு (6/8) தாளத்தில் துள்ளிக்கொண்டு போகிற மெட்டு. பெரிய கூட்டங்கள் பாட ஆரம்பித்த பிறகுதான் வேகம் குறைந்து, இன்று ரக்பி மைதானத்தில் கேட்கிற கனமான நடைக்கு வந்தது. கூட்டம் பெருக்கப் பெருக்க இசை மெதுவாகும், தடிக்கும். மைதானத்தில் அதைக் கேட்டு எனக்கும் சிலிர்த்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மெட்டு பிறந்தபோது இருந்த துள்ளல் வேறு.

இந்த மாதிரி அறைகள் தானாகப் பிழைத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுரங்க மன்றங்கள் தொழிலாளர்களின் வாரச் சம்பளத்தில் பிடித்த காசில் எழுந்தவை. சுரங்கங்கள் மூடிவிட்டன, அந்தக் காசும் நின்றுவிட்டது. இன்று வேல்ஸ் கலை மன்றம் 'நைட் அவுட்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து தங்கள் ஊர் மண்டபத்துக்குத் தொழில்முறைக் கலைஞர்களை அழைக்கலாம், நஷ்டம் வந்தால் அது முழுக்க ஊர்க்காரர்கள் தலையில் விழாது. கலைக்கு அரசு செய்யக்கூடிய மிக உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்பேன். தலைநகரத்தில் இன்னொரு பிரம்மாண்ட அரங்கம் கட்டுவதைவிட, நூறு ஊர் மண்டபங்களுக்கு ஒரு ஃபிடிலை அனுப்பிவைப்பது எவ்வளவோ மேல்.

ரசிகர்களிடமும் ஒரு கோரிக்கை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பாட்டு முழுவதையும் படம் எடுக்காதீர்கள். அவ்வளவு சின்ன அறையில் ஒரு போன் மூன்று பேருக்கு மேடையை மறைக்கிறது. அதற்குப் பதில், வாசலில் மேஜை போட்டு அவர்கள் விற்கிற சிடியை வாங்குங்கள். அந்த மேஜைக்குப் பின்னால் நின்று பணம் வாங்குவதும் பெரும்பாலும் கொஞ்ச நேரம் முன்பு ஃபிடில் வாசித்தவர்தான்.

பிரிட்டன் பக்கம் இருப்பவர்கள், வருபவர்கள் கவனிக்க: பெத்தெஸ்டாவில் நெயாத் ஓக்வென், ஸ்வான்சியில் டீ டாவே ரெண்டும் இப்படிப்பட்ட இடங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேசிய ஐஸ்டெத்வொட் என்ற வேல்ஷ் மொழிக் கலை விழா, வருஷத்துக்கு ஓர் ஊராக, வடக்கும் தெற்கும் மாறி மாறி நடக்கும். அதில் நாட்டுப்புற இசைக்கென்றே 'டீ குவெரின்' என்று தனி மேடை உண்டு. வேல்ஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம், எனக்கும் தெரியாது. கலன் ஊர் மண்டபம் எதற்காவது வருவதாக அறிவிப்பு கண்ணில் பட்டால் உடனே டிக்கெட் போட்டுவிடுங்கள், எழுபது எண்பது நாற்காலிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.