டைனோசர் காலத்தைக் காபன் வைத்து அளப்பதில்லை

"காபன் முறை 50,000 ஆண்டுக்கு மேல் வேலை செய்யாது, அதனால் டைனோசர்கள் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்தன என்பதே பொய்." கொழும்புத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. முடிவு தவறு.

அவ்வளவு பழைய பாறைக்குக் காபன் முறையை யாரும் பயன்படுத்துவதில்லை. எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கோன் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை ஏறக்குறைய முழுதாக ஒதுக்கிவிடும். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற 4.47 பில்லியன் ஆண்டுகள் ஆகும். அப்படியானால் இன்று உள்ளே இருக்கும் யுரேனியத்தோடு ஒப்பிட ஈயம் எவ்வளவு என்பதே வயதைச் சொல்லிவிடும். புவி வரலாற்றின் காலங்களைப் பெரும்பாலும் புதைபடிவங்களை வைத்துப் பிரிக்கிறார்கள். அவற்றுக்கு ஆண்டுக்கணக்கு தருவது இத்தகைய சாம்பல் படைகள். டைனோசர்களின் அழிவோடு கிரெத்தேசியக் காலம் முடிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்பதும் அப்படி வந்ததே. ஆகன் வாயுவை அளக்கும் தனி முறையும் அதையே காட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சுமார் 560 மில்லியன் ஆண்டு வயதுடைய நம் இலங்கைச் சிர்கோன்களை வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் கருவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாகவே வைத்திருக்கின்றன.