எழுந்து போன நாயனக்காரர்

போன வாரம்தான் தில்லானா மோகனாம்பாளை முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஆடுதுறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். நாயனம், அதாவது நாதஸ்வரம், செய்கிற நரசிங்கம்பேட்டைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். ஆனாலும் சவடால் வைத்தி, ஜில் ஜில் ரமாமணி, ‘நலந்தானா’ என்று டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததிலேயே படம் பார்த்தாச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட உட்கார்ந்தவர் பெரியப்பா. தவில்காரர். தோள் வலி வந்தபிறகு வாசிப்பதில்லை. விரலில் மாட்டுகிற கூடுகள் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

துண்டுகளாகப் பார்த்தால் இது காதல், காமெடி. முழுசாகப் பார்த்தால் தொழில் கர்வம். ஆரம்பத்திலேயே கச்சேரி நடுவில் வாணவேடிக்கை வெடிக்கிறது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்புகிறது. நாயனக்காரர் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். “இரு, இன்னொரு தடவை போடு” என்றார் பெரியப்பா. போட்டேன்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது போன தை மாதம் கும்பகோணத்தில் போன ஒரு கல்யாணம். வாசலில் செண்டை மேளம், அதன் முன்னால் செல்ஃபி. நம்ம நாயனச் செட்டுக்கு ஜெனரேட்டர் ஓரத்தில் ஒரு ஜமுக்காளம். தோடி ராகம் பாதியில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. விரலை ஆட்டி ‘கெட்டிமேளம்’ சொன்னபோதுதான் அவர்கள் இருப்பதே மண்டபத்துக்குத் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. போனால் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவது? 1968-ல் வந்த படத்தில் எனக்குப் பழசாகத் தெரிந்தது அந்தக் கோபம்தான்.

சிவாஜியின் கன்னத்தையும் விரலையும் பற்றி எல்லோரும் எழுதியாச்சு. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்தும், ஏழு துளையில் விரல் ஓடுவதைப் பார்க்கையில் மறந்துபோகிறது. பெரியப்பா சிவாஜியைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க தவில்காரராக வரும் பாலையா மேல். தனக்கு முறை வராதபோதும் நாயனத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டு காத்திருக்கிறாரே, அதைக் காட்டி, “இவன் தவில்காரன்டா” என்றார். அதற்கு மேல் ஒரு விருது உண்டா?

குறையும் இருக்கிறது. காதலிக்கிற நாட்டியக்காரி மோகனா மேல் சண்முகசுந்தரத்துக்குச் சந்தேகம், மறுபடி சந்தேகம், மறுபடி முறைப்பு. ஒரு கட்டத்துக்கு மேல் ‘போய்யா’ என்று ஆகிவிடுகிறது. மதன்பூர் மகாராஜா வரும் பகுதி இழுவை. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய கதை, வாராவாரம் படிக்கும்போது சரியாக இருந்திருக்கும். ஆனால் தூண் மறைவில் நின்று சண்முகசுந்தரம் ஆட்டம் பார்க்க, மோகனா அது தெரிந்தே பாட்டில் கேட்கிறாளே, அதற்காக மகாராஜாவையும் மன்னித்துவிட்டேன்.

படம் முடிந்ததும் பெரியப்பா மூன்றாம் தடவையாக அந்த வாணவேடிக்கைக் காட்சியைப் போடச் சொன்னார். பார்த்துவிட்டு யோசனையாகக் கேட்டார்:

“கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டானே, அன்னிக்குச் சம்பளம் குடுத்தானுவளாடா?”