மணல் மலிவு என்பதால் அல்ல

"சிப் செய்யறதுல சிலிக்கான் ஏன் ஜெயிச்சது? மணல்லேருந்து வருது, மலிவு, அவ்வளவுதான்." போன வாரம் காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைத் தம்பி அடித்துச் சொன்னான். என் இலையில் பால் பணியாரம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

மணல் மலிவுதான். சிப்புக்கு வேண்டிய சிலிக்கான் மலிவில்லை. நூறு கோடி அணுவில் வேற்று அணு ஒன்று இருந்தாலே அதிகம் என்கிற அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். உருக்கவே 1414 டிகிரி. அதோடு போட்டி போட்ட இன்னொரு தனிமம் ஜெர்மானியத்துக்கு 938 போதும், எலக்ட்ரானும் அதில் இரண்டு மடங்குக்கு மேல் சுலபமாக ஓடும். 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டரை, அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் குட்டி ஸ்விட்சை, ஜெர்மானியத்தில்தான் செய்தார்கள்.

அப்புறம் ஏன் தோற்றது? முதல் காரணம் சூடு. எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ரேடியோ சித்திரை வெயிலில் முகப்பில் இருந்தால் மதியம் கரகரக்கும். வளவுக்குள் தூக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெளியும். ரேடியோவுக்கும் மத்தியானத் தூக்கம் வேண்டும் என்பார் ஐயா. உள்ளே இருந்தது ஜெர்மானியம். அதில் எலக்ட்ரான் தாண்ட வேண்டிய வரப்பு 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான், வெறும் சூடே தாண்டவைத்துவிடும். நிறுத்தினாலும் மின்சாரம் கசியும். சிலிக்கானின் வரப்பு 1.12.

ஆனால் சூட்டைவிடப் பெரிய காரணம் மேல்பூச்சு என்பேன். நம்மூர்ச் சுவருக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கொத்தனார் கை ஓயத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு வரும். சிலிக்கானை உலையில் வைத்து ஆக்சிஜனோ நீராவியோ விட்டால் போதும், தன் உடம்பிலேயே கண்ணாடிப் பூச்சை வளர்த்துக்கொள்ளும். மின்சாரம் புகாது, தண்ணீரில் கரையாது. அதில் வேண்டிய இடத்தில் மட்டும் ஜன்னல் திறந்து வேலை செய்யலாம். 1959-ல் ஜீன் ஹோர்னி அந்தப் பூச்சை வைத்தே தட்டையான டிரான்சிஸ்டர் செய்தார், சிப்புக்கு வழி திறந்தது. ஜெர்மானியமும் ஆக்சைடு பூசிக்கொள்ளும், கழுவினால் போய்விடும். சிப் செய்கிற இடத்தில் கழுவாமல் என்ன வேலை நடக்கும்?

வேடிக்கை என்னவென்றால், டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க அந்தப் பூச்சே சில அணு அளவுக்கு மெலிந்து கசிய ஆரம்பித்தது. 2007-ல் இன்டெல், டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டுக்கு அடியில் ஹாஃப்னியம் என்ற உலோகம் கலந்த பூச்சுக்கு மாறியது. சிலிக்கானை மட்டும் விடவில்லை.

பந்தி முடிந்து அந்தத் தம்பி போனைச் சுவரில் செருகினான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சார்ஜர். சிலிக்கான் பற்றி அவ்வளவு பேசியவன் கைச் சார்ஜருக்குள் இருந்தது காலியம் நைட்ரைடு என்ற வேறொரு குறைக்கடத்தி, வரப்பு 3.4!