பளபளப்பில் விழுந்த கதை

தரைக்கு டைல்ஸ் வாங்கப் போனால் கடைக்காரர்கள் முதலிலிருந்து கடைசிவரை நம் கண்ணோடுதான் பேசுகிறார்கள். நமக்குக் கால் என்று ஒன்று இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை. நடக்கப்போவது என்னவோ அதுதான்.

தரையில் போடப்போகிற டைல்ஸை எதற்கய்யா சுவரில் நிற்கவைத்துக் காட்டுகிறீர்கள்? மேலே நாலு விளக்கு வேறு. விற்பனையாளர் அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, "சார், கண்ணாடி மாதிரி இருக்கும், முகமே தெரியும்" என்றார். தரையைப் பார்த்தா தலை சீவப்போகிறேன்? அன்றைக்கு இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, தலையாட்டினேன். இப்போது எரிவது பாதி அவர்மேல், பாதி என்மேல். ஹாலுக்கும் குளியலறைக்கும் ஒரே டைல்ஸ் போட்டால் 'ஒரே லுக்' வரும் என்றார். அதற்கும் ஆட்டினேன்.

குடிபோன மூன்றாம் வாரம் அப்பா குளியலறையில் வழுக்கினார். குழாயைப் பிடித்துக்கொண்டதால் இடுப்பு தப்பியது. குழாய் தப்பவில்லை.

கடைக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருந்தது. "பெட்டியைப் பாருங்க சார், ஆர் 9 போட்டிருக்கும். ஆன்டி ஸ்கிட்தான், வழுக்காது." பார்த்தேன், போட்டிருந்தது. ஒன்பதாயிற்றே, பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போல என்று நானும் அடங்கிவிட்டேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். வயிறு எரிந்தது. வழுக்காமல் பிடிப்பதை அளக்கும் அந்த வரிசையே 9இல்தான் தொடங்குகிறது, 13இல் முடிகிறது. ஆர் 9 என்பது அடிமட்டப் படி. சாய்வுப் பலகையில் டைல்ஸைப் பதித்து, எண்ணெய் தடவி, ஷூ போட்ட ஆளை அதன்மேல் நடக்கவிட்டுப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவார்கள். எந்தக் கோணத்தில் அவர் தடுமாறுகிறாரோ, அதுதான் கணக்கு. 6 முதல் 10 டிகிரிக்குள் தடுமாறினால் ஆர் 9. ஆர் 11 வாங்க 19 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. அது ஷூ போட்ட காலுக்கான சோதனை! ஷூ மாட்டிக்கொண்டா குளிக்கிறோம்? ஈரத்தில் நடக்கும் வெறுங்காலுக்குத் தனிச் சோதனையே இருக்கிறது. சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள், அதில் 'சி'தான் நன்றாகப் பிடிக்கும். குளியலறைக்குக் கேட்க வேண்டிய எழுத்து அது. கேட்டிருந்தால் விற்பனையாளர் என்னை வேற்றுக்கிரகவாசியைப் போலத்தான் பார்த்திருப்பார். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும், அப்பாவின் இடுப்பாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

வழுக்குவதோடு முடிந்ததா? 'இப்போ இதுதான் சார் போகுது' என்று இரண்டுக்கு நாலு அடி டைல்ஸைக் குளியலறைத் தரைக்கும் தலையில் கட்டினார்கள். அவ்வளவு பெரிய பலகையை வடிகாலைப் பார்த்து எல்லாப் பக்கமும் எப்படி வாட்டம் கொடுத்துப் பதிப்பது? மேஸ்திரி முதல் நாளே முனகினார், சின்ன டைல்ஸ் வாங்கியிருக்கலாமே என்று. நான் காதில் வாங்கவில்லை. சின்ன டைல்ஸ் என்றால் வாட்டத்துக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும், இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்கும் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும். இப்போது தினமும் மூலையில் ஒரு கைப்பிடித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. துடைப்பத்தோடு நானும் நிற்கிறேன்.

சமையலறைக்கு மார்பிள்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவர் என் மைத்துனர். (வீடு கட்டினால் போதும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பொறியாளர்கள்.) மார்பிள் என்பது அடிப்படையில் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு சிந்தினால் அமிலம் மேல்பரப்பை அரித்துவிடும். அடுப்புக்குக் கீழே எங்கள் தரையில் ஒரு வட்டம் மங்கலாக இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து மூன்று நாள் தேய்த்தேன், கைதான் வலித்தது. அது கறையே இல்லை, கல் தின்னப்பட்ட தடம். இனி பாலிஷ் போட்டால்தான் போகும். கிரானைட்டோ விட்ரிஃபைட் டைல்ஸோ போட்டிருந்தால் எலுமிச்சைக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

படுக்கையறையில் லேமினேட். மரம் மாதிரியே இருக்கிறது, காலுக்கும் இதம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. குளியலறை வாசல் பக்கம் ஈரக்காலோடு வந்து வந்து, இணைப்பு ஓரங்கள் உப்பிவிட்டன. அதை மறைக்க ஒரு கால்மிதி போட்டேன். அடியில் ரப்பர் இல்லாத கால்மிதி, அதுவும் வழுக்குகிறது!

ஹாலில் கடைசி மூன்று பெட்டி பற்றாமல் போனது. உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்க வேண்டும் என்று வாங்கும்போது ஒரு வாய் சொல்லவில்லை. அதே பெயர், அதே எண் என்று கொண்டுவந்து இறக்கினார்கள். ஆனால் பெட்டிமேல் இருந்த பேட்ச் எண், அதாவது எந்தத் தடவை தயாரித்தது என்று சொல்லும் எண், வேறு, நிறமும் ஒரு பொட்டு மஞ்சள். சோபாவுக்கு முன்னால் ஒரே ஒரு வரிசை, வெள்ளை வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டு வேறு போடலாம் என்று அதே கடைக்குப் போனேன். அதே ஆள், அதே விளக்கு. சொரசொரப்பாக மேட் ஃபினிஷ் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "இது மேட்தான் சார், ஆனா லேசா ஒரு ஷைனிங் இருக்கும், கிராண்டா தெரியும்" என்று ஒன்றைத் தூக்கி நிறுத்தினார். அதைத் தரையில் படுக்க வையுங்கள் என்றேன். புரியாமல் வைத்தார். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, கால் வைக்காதீங்க சார், வழுக்கும்!"