கொலம்பியா சனிக்கிழமைத் திட்டம்: ஒரு திருத்தம்

சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ சித்தி பெற்ற பிள்ளைகள் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சனிக்கிழமை விஞ்ஞானத் திட்டத்துக்கு மட்டக்களப்பில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம், பெறுபேற்றை அனுப்பினால் போதும் என்று பகிரப்படும் தகவல் சரியன்று. 1958இல் தொடங்கிய அத்திட்டம், பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 75 மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 120 கிலோமீற்றருக்குள், வசிக்கும் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான மாணவர்களுக்கானது. அந்த எல்லைக்குள் வாழ்பவர்களுக்குக்கூடப் பாடசாலைப் புள்ளிகள் மட்டும் போதுமானவையல்ல. ஆசிரியரின் பரிந்துரையும், கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நடத்தப்படும் நுழைவுத் தேர்வுமே வழமையாகத் தெரிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, விண்ணப்பத்தை நிரப்பித் தருவதாக எவரேனும் பணம் கேட்டால், பெற்றோர் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு, தொடக்கத்திலேயே தகுதியில்லாத ஒரு விண்ணப்பத்துக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விஞ்ஞானத்தில் உண்மையான ஆர்வமுள்ள உயர்தர வகுப்பு மாணவர்கள், இலங்கை உயிரியல் ஒலிம்பியாட் போட்டியைப் பற்றித் தங்கள் பாட ஆசிரியரிடம் இப்போதே விசாரிக்கலாம். சர்வதேசப் போட்டிக்கான இலங்கை அணி அதன் வழியாகவே தெரிவுசெய்யப்படுகிறது.