லாபம் என்றதோடு நின்றுபோன வீடியோ

இங்கே பர்மாவில், மோல்மேனிலிருந்து ரங்கூன் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நேற்று இரவும் மோல்மேனில் அத்தையை எடுத்த அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி ஓடுகிறது. அத்தையின் வலது கை அரிசி அளக்கும் பித்தளைப் படியோடு மேலே எழுகிறது, "லாபம்" என்கிறார், முடிந்துபோகிறது. அடுத்த படி இல்லை, குரல் இல்லை, ஒன்றுமில்லை. அந்த இடத்தில்தான் என் கைப்பேசிக்கு இடம் போதவில்லையாம்!

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அழித்தேன். கண்ணில் நீர் வழியும் வரை அழித்தேன். 9 ஜிபி காலி செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் இடையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்த 300 கிலோமீட்டருக்குள் 9 ஜிபி எங்கே போயிற்று? யார் கொண்டுபோனார்கள்?

கொஞ்சம் என் பையன் கணக்கு. சல்வீன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது சன்னலோரம் உட்கார்ந்து வீடியோ எடுத்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். 2005இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன்பு நாங்களெல்லாம் இக்கரையில் இருக்கும் மொட்டமாவில் இறங்கி, மூட்டை முடிச்சோடு படகு ஏறித்தான் மோல்மேன் போய்ச் சேர்ந்தோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தை முதல்முறை பார்க்கிற பிள்ளை படம் எடுக்காமல் என்ன செய்வான்? ஆனால் கேமரா 4கே என்கிற மிகத் துல்லியமான அளவில் இருந்திருக்கிறது. நிமிடத்துக்கு 350 எம்பி. பஸ் அக்கரை சேர்வதற்குள் ஒன்றே முக்கால் ஜிபி போய்விட்டது. அந்த அளவை யார் வைத்தது? நான் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு அது தானாகவே அப்படி மாறியிருந்தது.

சரி, அது போகட்டும். மீதி ஏழேகால் ஜிபியில் பெரும்பகுதி? உறவினர் குழுக்கள். நான்கு குழு. அந்த வாரம் ஒரு கோயிலில் தீமிதி. தீக்குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் வீடியோ எடுத்து அத்தனை குழுவிலும் போட்டிருக்கிறார்கள். ஒரே மனிதர் அதே பூக்கரகத்தோடு அதே நெருப்பின் மேல் மூன்று முறை என் கைப்பேசிக்குள் நடக்கிறார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறக்காமலே அவை இறங்கிச் சேர்ந்துகொண்டன. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். நான் இடமும் கொடுக்கவில்லையே!

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

அத்தைக்கு 82 வயது. தாத்தாவின் அரிசிக் கடையைப் பற்றிப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அதெல்லாம் இப்போது எதற்கு மருமகனே?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அன்று மின்சாரம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பையன் உள்ளே சாமி அறையில் கவிழ்த்து வைத்திருந்த படியைத் தூக்கிக்கொண்டு வந்து, இது என்ன பாத்திரம் என்று கேட்டான். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து கத்திமுனைபோல மெலிந்திருந்தது. அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதையும், சாவியை வாங்க வந்தவர்கள் கல்லாவை எண்ணியதையும் சொன்னார். மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது தாத்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூத்த அண்ணன்கள் இருவரும் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். அத்தை கல்யாணமான பெண் என்பதால் இங்கேயே நின்றுவிட்டார். என் அப்பா கடைக்குட்டி, அவரும் அத்தையோடு தங்கிவிட்டார். இதையெல்லாம் ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லாதவர், அன்று வெற்றிலையை மென்றுகொண்டே அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போனார். நான் மெல்லக் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். எனக்கு மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

அப்போதுதான் பையன், தாத்தா எப்படி அளப்பார் என்று கேட்டான். அத்தை முதுகை நிமிர்த்தினார். அரிசி அளந்து வளர்ந்த குடும்பங்களுக்குத் தெரியும், முதல் படியை ஒன்று என்று எண்ணமாட்டார்கள். லாபம் என்பார்கள். இரண்டாவதிலிருந்துதான் எண்ணிக்கை. அத்தை இல்லாத அரிசியை அள்ளி, விளிம்பை உள்ளங்கையால் வழித்து, தன் அப்பாவின் குரலில், சத்தியமாகச் சொல்கிறேன், கட்டைக் குரலில், இழுத்து, "லாபம்" என்றார்.

திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்து விழுந்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.

அவர் எண்ணிக்கொண்டே போகிறார். இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. நான் கீழே குனிந்து கேலரியைத் திறக்கிறேன். காலை வணக்கப் படங்கள். ரோஜாப்பூ, சூரியோதயம், பிள்ளையார், மறுபடியும் ரோஜாப்பூ. 212 படங்களைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 கேபி. எல்லாம் சேர்ந்து 40 எம்பி சொச்சம். 4கே அளவில் அது ஏழு விநாடி வீடியோ. விரல் நோக அழித்ததற்கு ஏழு விநாடி!

ஐந்து, ஐந்து.

கல்யாண வீடியோ ஒன்று, 600 எம்பி. அழித்தேன். இடம் ஒரு இம்மியும் கூடவில்லை. ஏனென்றால் அழித்தது அழியவில்லை, குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கிறது. அங்கே முப்பது நாள் பத்திரமாக இருக்குமாம். எனக்கு முப்பது நாள் எதற்கு, இந்த நொடி வேண்டும்! குப்பைத் தொட்டி எங்கே? மூன்று கோட்டைத் தொட்டு, உள்ளே போய், இன்னொரு பட்டியலில் கீழே தள்ளி, கடைசியில் இருக்கிறது. "நிரந்தரமாக நீக்கவா?" ஆமாம். "இதை மீட்க முடியாது, உறுதியா?" ஆமாம், ஆமாம், ஆமாம். தீமிதி வீடியோ கேட்காமலே உள்ளே வந்தது; அதை வெளியே அனுப்ப என்னிடம் இரண்டு தடவை உறுதிமொழி வாங்குகிறது.

இதற்கிடையில் அதுவே ஒரு யோசனை சொல்கிறது. இடத்தைக் காலியாக்க இந்த மங்கலான படங்களை நீக்கலாம் என்று எடுத்துக் காட்டுகிறது. முதலாவதாகக் காட்டியது என் அம்மாவின் படம். அடுப்படியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். எடுத்தபோது என் கை ஆடிவிட்டது, அதனால் மங்கல். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. சிரிக்கிற படம் அது ஒன்றுதான். அதைக் குப்பை என்று என்னிடமே காட்டுகிறது! யாருமே விளையாடாத இரண்டு விளையாட்டுச் செயலிகள் வாங்கிய நாளிலிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை நீக்கலாம் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. நான் நீக்கப் போனாலும் முடக்கத்தான் விடுகிறது, நீக்க விடுவதில்லை.

தலை நிமிர்ந்தபோது அத்தை படியைக் கீழே வைத்துவிட்டிருந்தார். "என்ன மருமகனே, ஆகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டு, விளக்கேற்ற உள்ளே போனார். எனக்குக் கொடுத்திருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

இதைச் சொன்னால் உடனே அறிவுரை வருகிறது. கணினிக்கு மாற்றிக்கொள்வதுதானே என்கிறார்கள். எந்தக் கணினி? இந்த நாட்டில் 2014இல்தான் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு சாதாரண மனிதன் கைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு சிம்மின் விலை லட்சக்கணக்கில். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் கணினி என்ற ஒன்றைப் பார்க்காமலே நேராகக் கைப்பேசிக்கு வந்தவர்கள். கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், செத்தவர்களின் முகம், எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள்தான். அதில் நெருக்கடி வந்தால் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

கிளவுட் என்கிற இணையச் சேமிப்பில், அதாவது மேகத்தில், ஏற்றிவைக்கலாமாம். இலவசமாகக் கொடுத்த 15 ஜிபி என்றோ நிரம்பிவிட்டது, அதிலேயே மின்னஞ்சலும் பங்கு கேட்கிறது. மின்சாரம் இல்லாத மாலையில், ஒரு கோடு சிக்னலில், எதை எந்த மேகத்தில் ஏற்றுவது?

மெமரி கார்டு போடலாமாம். போடலாம், இரண்டாவது சிம்மைக் கழற்றினால். ஒரே துளை, சிம்மா கார்டா என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். வழியில் ஒரு ஊரில் ஒரு சிம் எடுக்கும், அடுத்த ஊரில் மற்றது எடுக்கும். இரண்டு சிம் இல்லாமல் இங்கே யார் பயணம் போகிறார்கள்? அந்தத் துளையை வடிவமைத்தவர் ஒரே ஒரு தடவை இந்த வழியிலுள்ள தாட்டோன் வரை பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் 64 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிய கணக்கு. 1024, 1024ஆக எண்ணினால் 59.6தான். அதில் 17ஐக் கைப்பேசி தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் 'மற்றவை' என்று ஒரு சாம்பல் நிறப் பட்டை, 8 ஜிபி. மற்றவை என்றால் என்ன? தொட்டால் திறக்காது, கேட்டால் சொல்லாது. தாத்தாவின் கடையில் படிக்கு ஒரு பிடி குறைந்திருந்தால் வாடிக்கையாளர் சும்மா விட்டிருப்பாரா?

மறுநாள் காலை அத்தையிடம் கெஞ்சினேன். மறுக்கவில்லை. குளித்து, பட்டுப்புடவை கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, கேமராவையே பார்த்துக்கொண்டு பத்து வரை எண்ணினார். லாபம் என்றார், அவருடைய சொந்தக் குரலில். அது முழுதாகப் பதிவாகியிருக்கிறது, ஒரு விநாடிகூடக் குறையவில்லை. அதை நான் இன்னும் ஒரு தடவைகூடத் திரும்பப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் குளிர்சாதனத்தை ஏன் இப்படி வைக்கிறார்கள்? வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பல் கிட்டிப்போகிறது. அத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்த புளிச்சாதம் பிரித்தபோது மண்கட்டிபோல இறுகியிருந்தது. பையன் நடுங்குகிறான். கொடுத்த கம்பளி அவன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. பாகோவுக்கு முன்னால் எழுந்துபோய், கொஞ்சம் குறைத்து வையுங்கள் அண்ணே என்று ஓட்டுநரிடம் கேட்டேன். வெதுவெதுப்பாக இருந்தால் தனக்குத் தூக்கம் வந்துவிடும் என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, பையனின் கால்களை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.